தங்கவயலில் பீச் காப்ளர்

கோலார் தங்கவயலை ‘குட்டி இங்கிலாந்து’ என்பார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கேக்கும் புட்டிங்கும் வெந்ததோ மேலே பங்களாக்களில். இங்கே வளர்ந்த பிரிட்ஜெட் வைட் குமார் ஆங்கிலோ இந்தியச் சமையலைப் புத்தகங்களாகவே எழுதிவைத்திருக்கிறார். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடித்து இருட்டியபின் திரும்புகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். பங்களா பலகாரம் அவர்கள் வீட்டு அடுப்பிலும் வரும், ஓவன்கூட வேண்டாம்.

கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடாக்குங்கள். ஆழமான அலுமினியக் கிண்ணத்தில் 75 கிராம் வெண்ணெயை உருக்குங்கள். ஒரு கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு எல்லாவற்றையும் ஒரு கப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து வெண்ணெய்மேல் ஊற்றுங்கள். கிளறாதீர்கள்! மேலே இரண்டு கப் பீச் துண்டுகள். வேகும்போது மாவு உப்பிப் பழத்தை மூடிக்கொண்டு எழும். கிளறிவிட்டால் அது நடக்காது. மணல்மேல் ஒரு வளையம் வைத்துக் கிண்ணத்தை இறக்கி, மூடி, மிதமான தீயில் சுமார் 50 நிமிடம். கத்தியால் குத்தினால் மாவு ஒட்டக்கூடாது.

ஊட்டி, கொடைக்கானல் பீச் கோடையில் கிடைக்கும். டின் பழமென்றால் பாகை வடித்துவிட்டு, சர்க்கரையைப் பாதியாக்குங்கள். இரண்டும் இல்லையா? பக்கத்திலேயே ஸ்ரீனிவாசபூர் மாம்பழம் இருக்கிறது. எனக்கென்னவோ அதுதான் இன்னும் ருசி.