'சென்னைக்கு மிக அருகில்' மனை வாங்கப் போறீங்களா?

'சென்னைக்கு மிக அருகில்' என்ற விளம்பரத்தைப் பார்த்து சிரிச்சிருப்பீங்க; மீம்ஸ்கூட ஷேர் பண்ணியிருப்பீங்க. ஆனா, 2022 அக்டோபரில் அந்த ஜோக் கிட்டத்தட்ட நிஜமாகிவிட்டது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி, ஒரே அரசாணையில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பல கிராமங்களோடு, ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதியும் உள்ளே வந்துவிட்டது.

'எல்லை பெருசானா எனக்கென்ன?' என்கிறீர்களா? எங்கே வீடு கட்டலாம், எங்கே தொழிற்சாலை வரலாம், எந்த ஏரியைத் தொடக் கூடாது என்பதை மாஸ்டர் பிளான்தான் முடிவு செய்கிறது. நீங்கள் தினமும் ஆபீஸ் போய்வர எவ்வளவு நேரமாகும் என்பதும், மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதும் அதில்தான் இருக்கிறது. சி.எம்.டி.ஏ-வின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது. அடுத்து வரும் மூன்றாவது, 2046 வரைக்குமானது. அதாவது, இன்னிக்கு ஸ்கூல் போகும் உங்க பிள்ளை வீடு வாங்கும் காலம் வரைக்கும்!

நம்ம ஊரில் சிக்கலே வரிசையில்தான். முதலில் வீடு வரும், பிறகு ரோடு, பிறகு பஸ், கடைசியாகத்தான் ரயில். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டபோது, பக்கத்திலேயே ரயில் பாதை ஓடியது. ஆனால், இறங்க ஸ்டேஷன் இல்லை. மூட்டை முடிச்சோடு அல்லாடியவர்களைக் கேட்டால் தெரியும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் எழும்பியதன் விலையை, 2015 வெள்ளத்தில் தென்சென்னை கொடுத்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் ஏரிகளும் வயல்களும் இன்னும் மிச்சமிருக்கின்றன. அதே தவறு அங்கேயும் நடக்க வேண்டுமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

முடிவெடுப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு, உள்ளாட்சிப் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243 இசட்.இ பிரிவு. அதனால, உங்க கவுன்சிலரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் பார்க்கும்போது தெருவிளக்கு பற்றி மட்டும் கேட்காதீங்க. 'நம்ம ஏரி மாஸ்டர் பிளானில் ஏரியாகவே இருக்கா?' என்றும் கேளுங்க.

மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்த சர்வே எண்ணின் நில வகைப்பாட்டைப் பாருங்க. பழைய வரைபடத்தில் ஓடை, வாய்க்கால் ஏதும் இருந்ததா என்றும் விசாரிங்க. அடுத்த முறை 'மிக அருகில்' என்று யாராவது சொன்னால், சிரிச்சுக்கிட்டே கேளுங்க... 'எதுக்கு அருகில் சார், ஸ்டேஷனுக்கா, ஏரிக்கா?'