ராமேஸ்வரம் போறீங்களா? காத்து எந்தப் பக்கம்னு முதல்ல கேளுங்க

பிளேஸ்மென்ட் முடிஞ்ச எல்லா கேங்குக்கும் நடக்கிற அதே கதைதான் எங்களுக்கும். 'கோவா கன்ஃபர்ம்டு'ன்னு வாட்ஸ்அப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சோம். பதினோரு பேர் நாலு பேர் ஆனோம். கோவா அந்தமான் ஆச்சு. அந்தமான் ஃபிளைட் ரேட்டைப் பார்த்ததும் ராமேஸ்வரம் ஆச்சு. நாலு பேரும் பொண்ணுங்க. அதுல ஒரு லாபம், ராமேஸ்வரம்னு சொன்னா எந்த வீட்லயும் ரெண்டாவது கேள்வி வராது. "22 தீர்த்தமும் ஆடிட்டு வா"ன்னு அம்மாவே காசு கொடுத்து அனுப்பினாங்க.

தீர்த்தம் ஆடினோம். அதைப் பத்தி உங்க பாட்டியே நல்லா சொல்வாங்க, நான் வேற விஷயத்துக்கு வர்றேன்.

ராமேஸ்வரம் ஒரு தீவு. ஆனா நாம யாரும் அதைத் தீவா நினைச்சுப் போறதில்லை. கோயில் ஊர்னு போறோம், இல்லன்னா தனுஷ்கோடியில ரீல்ஸ் எடுக்கப் போறோம். ஒரு தீவுல என்ன செய்யலாம், எப்போ செய்யலாம், என்ன சாப்பிடலாம்னு முடிவு பண்றது கடலும் காத்தும்தான். நாம சேவ் பண்ணி வெச்சிருக்கிற 'டாப் 10' லிஸ்ட் ஜனவரியிலயும் அதேதான், ஜூலையிலயும் அதேதான். அந்த ஊர்க்காரங்க சொல்றது மட்டும் நாளுக்கு நாள் மாறும். அதனால லிஸ்ட்டை விட்டுட்டு அவங்ககிட்ட கேளுங்கன்னு சொல்றேன். இது எனக்கு எப்படிப் புரிஞ்சதுங்கிறது கொஞ்சம் அசிங்கமான கதை.

நாங்க போனது ஜனவரியில. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம், ரோடு முடியிற இடம் அரிச்சல்முனை. போற வழியில நாங்க பார்த்த ரீல் தெளிவா சொல்லிச்சு: இடது பக்கம் பெண் கடல், அமைதியானது, தைரியமா இறங்கலாம். வலது பக்கம் ஆண் கடல், ஆபத்து, தள்ளி நில்லுங்க. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நல்ல கிரேடு வாங்கின நாலு பேரும் அதை அப்படியே நம்பி இடது பக்கம் இறங்கினோம். குளிக்கத் தடைன்னு போர்டு இருந்தது. அந்த போர்டு முன்னாடி நின்னு செல்ஃபிகூட எடுத்தோம்.

முட்டி அளவு தண்ணிதான். ரெண்டாவது அலை திரும்பிப் போகும்போது காலுக்குக் கீழ இருந்த மணல் மொத்தமா உருவிக்கிட்டுப் போச்சு. என் ரூம்மேட் உட்கார்ந்த வாக்குல விழுந்தா. எழுந்திரிக்கிறதுக்குள்ள அடுத்த அலை. அவ கையை நான் பிடிச்சேன், என் கையை யார் பிடிக்கிறதுன்னு தெரியல. கரையில சிப்பி மாலை வித்துக்கிட்டிருந்த ஒரு அக்கா, கூடையைப் போட்டுட்டு ஓடி வந்து ரெண்டு பேரையும் இழுத்து மேல போட்டாங்க. அதுக்கப்புறம் விழுந்த திட்டு இருக்கே, எங்க ஹெச்.ஓ.டி.கூட அப்படித் திட்டினதில்லை.

"வாடைக் காத்து இந்த அடி அடிக்குது, இந்தப் பக்கமா எறங்குவாங்க?"

பேரை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு அவங்க சொன்னாங்க. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வாடைக் காலம். காத்து வடகிழக்குல இருந்து வந்து, பெண் கடல்னு சொல்ற வடக்குப் பக்கத்துக் கரையைத்தான் அறையும். அப்போ தெற்குப் பக்கம், அதாவது மன்னார் வளைகுடா, தூங்கும். வைகாசிக்கு மேல தென்மேற்குக் காத்து கிளம்பினா எல்லாம் தலைகீழ். மீனவங்க காலங்காலமா இதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் தொழில் செய்யறதுன்னு முடிவு பண்றாங்க. "அது போக, இந்த முனையில எங்க வீட்டு ஆம்பளைங்களே குளிக்க மாட்டாங்க"ன்னு சொன்னாங்க. ரெண்டு கடலோட இழுப்பும் சேர்ற இடம். அலை சின்னதா இருக்கேன்னு நம்பி ஏமாந்துடக் கூடாது.

அன்னைக்கு மத்தியானம் முழுக்க அவங்க கடைகிட்டத்தான் உட்கார்ந்திருந்தோம். அப்போதான் இன்னொரு விஷயம் உறைச்சது. தனுஷ்கோடியை எல்லா வீடியோவும் 'பேய் நகரம்'னு சொல்லுது. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ஊர் போனது உண்மை. பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆட்களோட போனது உண்மை. மனுஷங்க வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கம் அறிவிச்சதும் உண்மை. ஆனா ஆளுங்க திரும்பி வந்துட்டாங்க. மீனவக் குடும்பங்கள் இன்னைக்கும் அங்கதான் இருக்கு. குடிசை இருக்கு, கூரை மேல சோலார் பேனல் இருக்கு, பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கு. "நாங்க இங்கனதான் இருக்கோம், எங்களைப் போய் பேய்ங்கிறாக"ன்னு அக்கா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நாங்க காலையில போட்ட ஸ்டோரிக்கு 'கோஸ்ட் டவுன் வைப்ஸ்'னுதான் கேப்ஷன். டெலீட் பண்ணிட்டேன்.

தண்ணிக்கு என்ன பண்றீங்கன்னு கேட்டோம். மணல்ல ஒரு பள்ளம் காட்டினாங்க. ஊத்து. ரெண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவுல கையால தோண்டின குழியில குடிக்கிற தண்ணி. மழைத் தண்ணி மணல்ல இறங்கி, அடர்த்தி கம்மிங்கிறதால கீழ இருக்கிற உப்புத் தண்ணி மேல மிதந்து நிக்குது. ஆழமாத் தோண்டினா உப்பாயிடும், அளவோட தோண்டணும். இந்தத் தத்துவத்தை நான் செமஸ்டர்ல எழுதி மார்க் வாங்கியிருந்தா பெருமையாச் சொல்லிக்குவேன். அவங்க அதைக் குடிச்சுக்கிட்டு இருக்காங்க.

அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்தது 2017-ல. அதுக்கு முன்னாடி மணல்ல வேன்லயும் ஜீப்லயும் உள்ளூர்க்காரங்கதான் நம்மளைக் கூட்டிட்டுப் போவாங்க. அந்த வருமானம் ரோடு வந்ததும் போச்சு. இப்போ கார் வருது, அரை மணி நேரம் நிக்குது, போயிடுது. நீங்க அப்படிப் போகாதீங்க. ராமேஸ்வரத்துல இருந்து டவுன் பஸ் இருக்கு. காலையில போய் இறங்குங்க, அங்கேயே பொரிச்ச மீன் சாப்பிடுங்க, யார்கிட்டயாவது பேசுங்க. பவளப்பாறைக் கல்லுல கட்டின பழைய சர்ச் சுவர் மேல ஏறி நின்னு போட்டோ எடுக்கிற கோஷ்டியில மட்டும் சேராதீங்க. பவளத் துண்டு, கடல் அட்டை இதையெல்லாம் யாராவது கொடுத்தாலும் வாங்காதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல கேஸ் ஆகும்.

மீன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நல்ல மீன் எங்க கிடைக்கும்னு கேக்கிறதைவிட, எந்தக் கிழமை கிடைக்கும்னு கேளுங்க. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மறுநாள் காலையில கரைக்கு வரும். நாங்க போய் இறங்கினது ஒரு செவ்வாய்க்கிழமை, வெறும் அதிர்ஷ்டம். இலங்கைக் கடற்படை யாரையாவது பிடிச்சுட்டுப் போயிட்டா ஸ்டிரைக், அப்போ எந்தக் கிழமையும் கிடையாது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். மே மாச லீவுல போய், 'ஃப்ரெஷ் கேட்ச்'னு மெனுல இருக்குதேன்னு ஆர்டர் பண்றவங்க, அது நாட்டுப்படகு மீனா ஐஸ் மீனான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

'உள்ளூர்க்காரங்களும் ஏமாத்துவாங்களே'ன்னு நீங்க கேக்கலாம். ஏமாத்துவாங்க. எங்களையும் ஒரு ஆட்டோ அண்ணா அவருக்கு கமிஷன் கிடைக்கிற சங்குக் கடையில கொண்டு போய் நிறுத்தினாரு. ஆனா 'எங்க போகலாம்ணா?'ன்னு கேட்டா பேக்கேஜ்தான் வரும், அது அவர் தொழில். கேள்வியை மாத்தினோம்: "நீங்க வீட்டுல இருக்கிறவங்களைக் கூட்டிக்கிட்டு எங்கண்ணா போவீங்க?" கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "நாங்க எங்கம்மா போறோம்… பாம்பன்ல பாலத்துக்குக் கீழ போய் உட்காருவோம்."

எங்க டிரிப்லயே பெஸ்ட் இடம் அதுதான். எல்லாரும் ரோட்டுப் பாலத்து மேல வண்டியை நிறுத்தி, பின்னாடி வர்ற பஸ்ஸு ஹாரன் அடிக்க அடிக்க போட்டோ எடுக்கிறாங்க. கீழ பாம்பன் கரையில படகுகளுக்கு நடுவுல உட்கார்ந்தப்போ ரெண்டு ரயில் பாலமும் முழுசாத் தெரிஞ்சது. பழைய பாலம் 1914-ல திறந்தது. கப்பல் வந்தா நடுப்பகுதி ரெண்டு இறக்கையாப் பிரிஞ்சு மேல தூக்கும், அதை ஆளுங்க கையால லீவர் சுத்தித் திறப்பாங்க. 64 புயல்ல சிதைஞ்சதை 46 நாள்ல நிமிர்த்தினவர் பின்னாடி டெல்லி மெட்ரோ கட்டின ஸ்ரீதரன். அதுல ரயில் போறது 2022 டிசம்பரோட நின்னுடுச்சு. பக்கத்துல 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம்: 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேல போகும். மெக்கானிக்கல் பசங்களுக்குக் கோயில் பிரகாரம் ஒரு பக்கம்னா இது இன்னொரு பக்கம். பாலம் என்னைக்குத் திறக்கும்னு கூகுள்ல தேடாதீங்க, வலை தைக்கிறவங்ககிட்ட கேளுங்க.

பாம்பன் வரைக்கும் போனா குந்துகால் பக்கம்தான். 1897-ல விவேகானந்தர் யாழ்ப்பாணத்துல இருந்து வந்து இறங்கின இடம். குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு அங்கிருந்துதான். நாங்க போன அன்னைக்குக் காத்துன்னு படகை நிறுத்தியிருந்தாங்க. இந்தத் தடவை யாரும் மூஞ்சியைத் தூக்கல.

கடைசியா ஒண்ணு. அரிச்சல்முனையில சாயங்காலம் இருக்க விட மாட்டாங்க, இருட்டறதுக்கு முன்னாடியே போலீஸ் கிளம்பச் சொல்லிடும். அதனால பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடைசி பஸ் எப்போன்னு கண்டக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. நாங்க கேக்கல. அந்த அக்காதான் தெரிஞ்ச மீன் வண்டி ஒண்ணை நிறுத்தி, ஐஸ் பெட்டிங்களுக்கு நடுவுல எங்க நாலு பேரையும் ஏத்தி அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்து பேக்கைப் பிரிச்சதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டி, கோயிலுக்குப் போன துணியில மீன் வாடை அடிக்குது?"