சக்கர நாற்காலியும் இலண்டன் மாநகரும்

இலண்டன் மாநகரைப் பற்றி நம் கல்லூரிப் பழைய மாணவர் எழுதிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. மேற்படிப்பை நாடிச் சென்றோர் பாராளுமன்றத்தையும் தேம்ஸ் நதியையும் மூடுபனியையும் வருணித்துள்ளனர். யான் எழுதப் புகுவது அந்நகரின் நடைபாதை விளிம்புகளைப் பற்றியும் படிகளைப் பற்றியுமாகும். சுவையற்ற பொருளென்று அன்பர்கள் கருதலாம். ஆயின், சக்கர நாற்காலியில் இருப்பவனுக்கு மூன்றங்குல விளிம்பும் மதிலேயாம்.

முள்ளந்தண்டில் உற்ற நோயினால் என் கால்கள் இயங்காதொழிந்து பதினோராண்டுகள் ஆகின்றன. 2023 ஆம் ஆண்டு வைகாசியில் இலண்டனில் என் பெறாமகன் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கினேன். நகரைத் தனியே பார்த்துவர விரும்புகின்றேன் என்றதும் வீட்டிற் கலவரம் மூண்டது. "பெரியப்பா, நான் லீவு எடுக்கிறன், தனியப் போகாதேங்கோ" என்று அவன் மன்றாடினான்.

அவன் அன்பில் எனக்கு ஐயமில்லை. நம் நாட்டில் எனக்கு உதவிக்கும் என்றும் குறைவிருந்ததில்லை. கலியாண மண்டபமாயினும் சங்கக் கூட்டமாயினும், வாயிலை அடைந்ததும் நான்கு இளைஞர் ஓடிவந்து நாற்காலியோடு என்னைத் தூக்கிவிடுவர். வாகனத்தில் எழுந்தருளும் சுவாமியைப்போல உள்ளே செல்வேன். ஆனால், சுவாமியும் தூக்குவோர் இறக்குமிடத்திலேயே நிற்கவேண்டும். அவர் புறப்படும்போதே புறப்படவேண்டும். பிறரை வருத்தலாகாது என்ற எண்ணத்தினால், காய்ச்சல் என்று பொய்யுரைத்து வீட்டிலேயே இருந்துவிட்ட நாள்கள் பலவுள. இதனை என் மனைவிக்கும் இதுவரை கூறியதில்லை.

இறுதியிற் பெறாமகன் இணங்கினான். வீட்டண்மையிலுள்ள பஸ் தரிப்பிடத்திற் காத்திருந்தேன். இரட்டைத் தட்டு பஸ் வண்டி வந்தது. நடுக்கதவின் அருகே நீலநிறப் பொத்தான் ஒன்று உண்டு, அதை அழுத்தினேன். வண்டி யானை மண்டியிடுவதுபோலத் தாழ்ந்தது. கதவின் அடியிலிருந்து சாய்பலகையொன்று நீண்டு நடைபாதையிற் படிந்தது. நானே என் சக்கரங்களை உருட்டி உள்ளே சென்றேன். ஒருவரும் என்னைத் தொடவில்லை. சக்கர நாற்காலியில் வருவோர்க்குக் கட்டணமும் இல்லை. கண்ணீர் வந்ததென்று எழுதினால் மிகையென்பீர்கள். ஆகவே எழுதாது விடுகின்றேன்.

இலண்டனில் ஓடிக் கழிந்த இரட்டைத் தட்டு வண்டிகள் முன்னொரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு வந்தன. நம்மிற் பலர் அவற்றின் பின்மேடையிற் பாய்ந்தேறியவர்களே. பின்மேடை திறந்த அவ்வண்டிகள் என்போன்றவனுக்கு ஏறவொண்ணாதவை. இலண்டனில் அவ்வகை வண்டிகள் 2005 ஆம் ஆண்டின் இறுதியில் அன்றாடச் சேவையினின்று நீங்கின. இம்மாற்றம் எவருடைய இரக்கத்தாலும் தானாக வந்ததன்று. 1990 களில் உடற்குறையுடையோர் பலர் அந்நகரத் தெருக்களில் பஸ் வண்டிகளோடு தம்மைச் சங்கிலியாற் பிணித்துப் போராடினர். 1995 இல் அவர்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. புதிய பஸ் வண்டிகள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்ற விதிகள் 2000 இல் வந்தன.

பஸ்ஸில் நாற்காலிக்குரிய இடம் ஒன்றே. குழந்தைத் தள்ளுவண்டிகளும் அவ்விடத்தையே நாடும். 2012 இல் டக் பௌலி என்பவர் இங்கிலாந்தின் வடபகுதியில் லீட்ஸ் நகருக்குச் செல்ல முனைந்தபோது, உறங்கும் குழந்தையோடு நின்ற தாயொருவர் இடம்விட மறுத்தார். அவர் ஏற முடியாது போயிற்று. வழக்கு ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம்வரை சென்றது. சாரதி ஒருமுறை கேட்டுவிட்டு வாளாவிருத்தல் போதாது, மேலும் வற்புறுத்தல் வேண்டும் என 2017 இல் தீர்ப்பாயிற்று; மறுப்பவரை இறக்கிவிடவேண்டும் என்று நீதிமன்றம் கூறவில்லை. எனக்கும் ஒருநாள் இளந்தாயொருத்தி முகஞ்சுளித்துத் தள்ளுவண்டியை மடக்கினாள். அவள் மீதும் எனக்குக் கோபமில்லை. இருவர்க்கும் வேண்டியதோரிடத்தை ஒருவர்க்கே போதுமானதாக அமைத்தவர் மீதே கோபம்.

சுரங்கப் புகையிரதத்தின் கதை வேறு. 1863 இல் தொடங்கிய அந்தப் பழம்பெரும் சேவையில் இன்று 272 நிலையங்கள் உள. படியேறாது மேடையை அடையக்கூடியவை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. பாதைப் படத்தில் நீல வட்டத்துள் நாற்காலிச் சின்னம் இருப்பின் தெருவிலிருந்து வண்டிக்குள்ளேயே செல்லலாம். வெள்ளை வட்டமாயின் மேடைவரைதான். மேடைக்கும் வண்டிக்கும் இடையே எஞ்சிய சில அங்குலங்களுக்கு ஊழியர் ஒருவர் பலகை கொணர வேண்டும். பிரித்தானிய நூதனசாலைக்கு அண்மையிலுள்ள ரசல் சதுக்க நிலையத்தில் மின்தூக்கி உண்டு. எனினும் மின்தூக்கியை விட்டிறங்கியபின் மேடைக்குச் செல்லச் சில படிகள் உள. ஆழத்துக்கு இறக்கிவிட்டு அங்கே கைவிடுவது எத்தகைய உபகாரம்! 2022 இல் திறந்த எலிசபெத் பாதையிலோ 41 நிலையங்களும் படியின்றி அமைந்துள்ளன. ஆகவே இயலாமை நிலத்தின் குற்றமன்று; பிற்காலத்தோர் மனம் வைத்தபோது இயன்றது.

நூதனசாலைக்கு நான் பஸ்ஸிலேயே சென்றேன். முகப்புப் படிகளின் பக்கத்தே மின்தூக்கி இருக்கின்றது. உள்ளே, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கிடைத்ததாகக் கூறப்பெறும் தாராதேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலத் திருவுருவின் முன் நின்றேன். ஆளுநராயிருந்த பிரவுன்றிக் என்பார் அதனை 1830 இல் அந்நூதனசாலைக்குக் கொடுத்தார். அது அங்கிருத்தல் முறையோ என்பது வேறு கட்டுரைக்குரியது. நான் கூறவந்தது இதுவே: அவ்வுருவின் முன் ஒன்றேகால் மணி நேரம் இருந்தேன். கால்மாற்றி நின்று, "போவோமா?" என்று கேட்பார் என் பின்னே எவருமிலர்.

குறையும் உண்டு. ஒருநாள் வெளியூர்ப் புகையிரதத்தில் முன்னறிவித்துப் பதிந்து சென்றும், இறங்குமிடத்திற் பலகையோடு எவரும் வரவில்லை. கதவு மூடியது; வண்டி என்னை அடுத்த நிலையத்துக்குக் கொண்டுசென்றது. அங்கிருந்த ஊழியர் பலமுறை மன்னிப்புக் கேட்டார். வீடு திரும்ப இரவு பத்து மணியாயிற்று. அன்று பெறாமகன் சொன்னதே சரியென்று நினைத்தேன். மறுநாட் காலை மீண்டும் புறப்பட்டேன்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பொதுக் கட்டடங்கள் யாவர்க்கும் புகத்தக்கனவாய் அமைதல் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளிவந்தன. சக்கர நாற்காலியிற் சென்றவராகிய அஜித் பெரேரா தாமே தொடுத்த வழக்கில், அவ்விதிகளைக் கைக்கொள்ளுமாறு நம் உயர் நீதிமன்றம் 2011 இற் பணித்தது. சட்டத்தைக் காட்டி நம் கல்லூரியை வழக்குக்கு இழுக்க நான் எண்ணவில்லை. கணக்கொன்றை மட்டும் விழாக் குழுவினர் முன் வைக்கின்றேன். மண்டப வாயிலில் ஏழு படிகள் உள, ஒவ்வொன்றும் ஆறங்குலம், ஆக நாற்பத்திரண்டு அங்குலம். ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. எனவே வேண்டுவது நாற்பத்திரண்டு அடி; இடையிலே திரும்புதற்குச் சமதளம் ஒன்று. வடக்குப் பக்கத்தில் வேம்பைத் தறிக்காமலே அதற்கு இடமுண்டு.

மாணவனாயிருந்த காலத்தில் அப்படிகளை நான் எண்ணியதில்லை. சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு வந்தபோதே எண்ணினேன். நான்கு மாணவர் என்னைத் தூக்கினர். மேலே இறக்கிவைத்தபின் அவர்களுள் ஒருவன், "ஐயா, பாரமே இல்லை" என்றான். நல்ல பிள்ளை. அவனுக்கு என்ன மறுமொழி கூறுவதென்று அறியாது சிரித்தேன்.