கீபோர்டு வேறு, சிந்தசைசர் வேறு!

இரண்டிலும் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை இருக்கின்றன. இரண்டும் மின்சாரத்தில் இயங்குகின்றன. ஆகவே இரண்டும் ஒன்றே என்று எண்ணிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் பலர். "பையனுக்குச் சங்கீத ஆசை, உயர்ந்ததாகவே வாங்கிவிடுவோம்" என்று சிந்தசைசரைத் தூக்கி வருகிறார்கள். வீட்டில் கட்டையை அழுத்தினால் சத்தமே வராது! பெரும்பாலான சிந்தசைசர்களில் ஒலிபெருக்கி கிடையாது. அதைத் தனியே வாங்கவேண்டும்.

இரண்டுக்கும் பேதம் என்ன?

சாதாரணக் கீபோர்டு ஹோட்டல் சாப்பாடு மாதிரி. பியானோ, புல்லாங்குழல், வயலின் என்று பல ஒலிகள் தயாராக இருக்கும். பொத்தானை அழுத்தினால் இலையில் விழும். கூடவே தாளமும் போடும்.

சிந்தசைசரோ சமையற்கட்டு. அங்கே ஒலியை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். 1970-ல் அமெரிக்காவில் ராபர்ட் மூக்கின் கம்பெனி வெளியிட்ட 'மினிமூக்' கருவியைப் பாருங்கள். அதில் 44 கட்டைகள்தாம். ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். ஆனால், மின் அதிர்வை உண்டாக்கும் பகுதிகள் மூன்று உண்டு. அவற்றின் அலை வடிவை நம் இஷ்டப்படி மாற்றலாம். அடுத்தது வடிகட்டி. அது ஒலியின் கூர்மையைக் குறைத்து நாதத்தைக் குழைவாக்கும். ஒலி சட்டென்று எழவேண்டுமா, மெல்ல எழுந்து தேயவேண்டுமா என்று தீர்மானிக்க வேறு திருகுகள்.

இன்றைய சிந்தசைசர்கள் பலவற்றில் தயார் ஒலிகளும் உண்டு. ஆனால் அவற்றைப் பிரித்து, மாற்றி, புதிதாக்கும் அதிகாரம் வாசிப்பவர் கையில் இருக்கிறது. சாதாரணக் கீபோர்டில் அந்த அதிகாரம் மிகச் சொற்பம்.

அப்படியானால் ஆரம்ப மாணவருக்கு எது வேண்டும்? சந்தேகமின்றிக் கீபோர்டுதான். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் கட்டைகள் 61 இருந்தால் போதும். முதலில் விரல் பழகவேண்டும், காது தேறவேண்டும். ஸ்வர ஸ்தானம் தெரியாத குழந்தையின் முன் முப்பது திருகுகளை வைத்தால், பத்து நாளில் ஆசையே வற்றிவிடும். கருவி பரணுக்குப் போகும்; நஷ்டம் பணத்தோடு நிற்காது.

"தானே தாளம் போடும் கருவி சோம்பேறியாக்காதா?" என்று கேட்கலாம். ஆக்கும்! அதனால் தாளப் பொத்தானை அணைத்துவிட்டு, கையால் தாளம் போடப் பழக்குங்கள்.

"இந்த ஒலி ஏன் இப்படி இருக்கிறது? இதை மாற்ற முடியாதா?" என்று ஒருநாள் பிள்ளையே கேட்பான். சிந்தசைசர் வாங்க அதுவே சரியான வேளை. பசி வந்த பிறகு சமையற்கட்டைத் திறந்துவிடுங்கள்!