நூலும் உப்பும்

மாசி பிறந்தால் தாம்பரம் மார்க்கெட்டில் மாவடுக் கூடைகள் வந்துவிடும். சென்ற வாரம் ஒரு படி வடு வாங்கி வந்தேன். "கடையில் பாட்டில் பாட்டிலாக விற்கிறதே, இந்தச் சிரமம் எதற்கு?" என்று என் பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மஞ்சள், மிளகாய், கடுகுப் பொடிகளைச் சேர்த்து ஜாடியில் இட்டோம். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும், காய் சுருங்கும். அந்த உப்பு நீரில், பண்டத்தைக் கெடுக்கும் கிருமிகள் பெருகமாட்டா. நமக்குள்ள வேலை, தினமும் குலுக்கிவிட்டுக் காத்திருப்பதே.

அதுவரை கை சும்மா இருப்பானேன்? கிழிந்த கதர்த் துண்டை எடுத்து, குறுக்கும் நெடுக்கும் நூலோட்டிக் கிழிசலை அடைக்கக் கற்றுக்கொடுத்தேன். நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் துணியில் கோடு எதுவும் வரையாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

உப்பும் நூலும் அற்பப் பொருள்களா? 1930-ல் ராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது உப்புக்காக. அந்நாளில் வீடுகளில் ராட்டை சுழன்றது நூலுக்காக. நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம் என்ற தைரியத்தை அவை தந்தன அல்லவா?

என் பெண் ஓட்டிய நூல் சற்றுக் கோணல்தான். ஆனால் அவள், "நீயும் கற்றுக்கொள்" என்று தம்பியின் கையிலும் ஊசியைக் கொடுத்துவிட்டாள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது போலும்!