சதுர அடி தொண்ணூறு ரூபாய்

போன ஐப்பசியில் என் மனைவி வீட்டில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, கடவுள் காப்பாற்றினார். இடுப்பில் பலமான அடி, மூன்று வாரம் படுக்கை. பார்க்க வந்த உறவினர் எல்லோரும் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஆளுக்கொரு யோசனையும் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகள் கொண்டுவந்த யோசனைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"அப்பா, இந்தக் கண்ணாடி மாதிரி டைல்ஸை வச்சுக்கிட்டு இனிமே முடியாது. வினைல் பிளாங்க் போட்டுடலாம். பார்க்க மரம் மாதிரியே இருக்கும், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, காலுக்கு இதமா இருக்கும். சதுர அடி தொண்ணூறு ரூபாய்தான்."

'தான்' என்று முடியும் விலையைக் கேட்டால் எனக்கு உடனே பென்சிலைத் தேடத் தோன்றும். புதுச்சேரியில் பொதுப்பணித் துறைக் கணக்குப் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் பில் சரிபார்த்தவன் நான். பழக்கம் போகுமா?

வினைல் பிளாங்க் என்றால் என்ன என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். நானும் கேட்டேன். நாலடி நீளம், அரையடிக்குக் கொஞ்சம் கூட அகலம் உள்ள பிளாஸ்டிக் பலகை. அடியில் கெட்டியான ஒரு பகுதி. இப்போது அதிகம் விற்கும் வகையில் அது சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்து செய்தது. எஸ்.பி.சி. என்று சொல்கிறார்கள். அதன்மேல் மரத்தின் ரேகைகளை அச்சடித்த ஒரு படலம். அதற்கும் மேலே தேய்மானத்தைத் தாங்குகிற நிறமில்லாத ஓர் அடுக்கு. மரம் என்பது வெறும் படம்தான். ஆனால் கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. சில வருஷம் முன்பு எல்லோரும் போட்ட லேமினேட் பலகைக்குள் மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை இருக்கும். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் அப்பளம்போல் உப்பிவிடும். அந்தக் குறை இதற்கு இல்லை. பொருளைக் குறை சொல்ல நான் வரவில்லை. விலையைச் சொல்லும் முறையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

இங்கே ஒரு பழைய கதை. எங்கள் பூர்வீகம் திருப்புலிவனம்தான் என்றாலும் அப்பாவுக்குப் புதுச்சேரியில் மில் வேலை. அதனால் நான் படித்தது பிரெஞ்சில். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கணக்கு வரும்: நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் உள்ள அறைக்கு 'பார்க்கே' போட வேண்டும், சதுர மீட்டருக்கு இவ்வளவு, பலகையில் இத்தனை பங்கு வெட்டில் வீணாகும், தச்சன் கூலி இவ்வளவு, மெழுகு இவ்வளவு, மொத்தம் எவ்வளவு? சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவனுக்கும் பார்க்கே என்றால் என்னவென்று தெரியாது. "மரத்தரைடா" என்றார் வாத்தியார். தரையில் போய் யாராவது மரம் போடுவார்களா என்று சிரித்தோம். ஆனால் வெட்டில் வீணாவதையும் மெழுகையும் சேர்க்காமல் விடை எழுதியவனுக்கு முட்டை மதிப்பெண்.

அந்த மொத்தக் கணக்கு எழுதிய தாளுக்கு பிரெஞ்சில் 'தெவி' என்று பெயர். (தேவி இல்லை. புதுவையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் கடைசிவரை தேவி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.) வேலை செய்கிறவர் என்ன பொருள், எவ்வளவு, என்ன கூலி, என்ன வரி என்று முன்கூட்டியே எழுதித் தருவார். வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ஒப்பந்தம். இரண்டு பேரையும் அது கட்டும்.

நம் ஊரில் தெவி கிடையாது. 'சதுர அடி ரேட்டு' உண்டு.

எங்கள் கூடம் பதினாறுக்குப் பன்னிரண்டு, 192 சதுர அடி. படுக்கையறை பன்னிரண்டுக்குப் பதினொன்று, 132. ஆக 324. தொண்ணூறால் பெருக்கினால் 29,160 ரூபாய். மகள் மனசில் வைத்திருந்தது இந்தத் தொகை. நானும் அவளும் காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம், இதில் அவர்கள் மட்டும் விதிவிலக்கு இல்லை.

முதலில், தொண்ணூறு ரூபாய்ப் பலகை இரண்டு மில்லிமீட்டர் கனம், பசை தடவி ஒட்டுவது. மேலடுக்கு மெல்லிசு. "இது வாடகை வீட்டுக்கு சார், உங்களுக்கு வேண்டாம்" என்றார் கடைக்காரரே. ஒன்றோடொன்று கொக்கி போல் பூட்டிக்கொள்ளும் ஐந்து மில்லிமீட்டர் எஸ்.பி.சி., மேலடுக்கு அரை மில்லிமீட்டர், அது 145. சரி என்றோம். பலகை சில்லறையாக வராது, பெட்டிக்கு 24 சதுர அடி. வெட்டில் பத்து சதவீதம் வீணாகும் என்பதால் 15 பெட்டி வாங்க வேண்டும், அதாவது 360 சதுர அடி. 52,200 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 9,396. பலகை வீட்டுக்கு வரும் முன்பே 61,596 ஆகிவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாகக் கறந்தேன். கறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், கேட்காத எதையும் அவர் சொல்லவில்லை. அடியில் விரிக்கிற ஃபோம் ஷீட் சதுர அடிக்குப் பத்து ரூபாய், 3,240. போடுகிற கூலி இருபத்தைந்து, 8,100. படுக்கையறைத் தரை குண்டும் குழியுமாக இருப்பதால் லெவல் செய்ய அறுபது வீதம் 7,920. இதை அவர்கள் வீண் செலவாகச் சொல்லவில்லை. பத்தடி நீளத்துக்குள் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் நடக்க நடக்க அந்தப் பூட்டு விட்டுப்போகும். சுவரோரத்தில் பலகை விரிவதற்கு இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும், அந்த இடைவெளியை மறைக்க ஸ்கர்ட்டிங், தொண்ணூறு அடிக்கு எழுபது வீதம் 6,300. வாசற்படிகளில் அலுமினியப் பட்டை மூன்று, 1,350. தரை உயர்ந்துவிடுவதால் மூன்று கதவுகளின் அடியைச் சீவ ஆசாரி கூலி 1,200. வண்டி வாடகை 2,500. சென்னையிலிருந்து வரும் ஆட்களுக்கு இரண்டு நாள் தங்கல், சாப்பாடு 2,000.

மொத்தம் 94,206 ரூபாய். 324 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு 291 ஆகிறது. தொண்ணூறு எங்கே, இருநூற்றுத் தொண்ணூற்றொன்று எங்கே! கூலிக்கும் மற்றவற்றுக்கும் பில் கிடையாதாம். அங்கேயே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருஷ உத்தியோகத்துக்கு இழுக்கு.

"இதையெல்லாம் முதல்லயே சொல்லக் கூடாதாங்க?" என்று கேட்டேன். "சொன்னா யாரும் கடைக்குள்ளயே வர மாட்டாங்க சார்" என்றார். அவருடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும். சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கணக்கில் இத்தனை கண்டிப்பாக இருந்த ஊர்ப்பக்கத்தில், இன்று ஒரு தரை போடக் கணக்குக் கேட்டால் நம்மைக் கஞ்சன் என்கிறார்கள்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பக்கத்து வீடுகளுக்கென்று இன்னொரு சங்கதி உண்டு, அதைக் கடையில் யாரும் கேட்கவே இல்லை. எங்கள் படுக்கையறை தாத்தா காலத்துக் கட்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டின செங்கல் சுவர், ரெட் ஆக்ஸைடு தரை. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்க எந்த அடுக்கும் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பினால் கிணற்றில் நீர் ஏறும், சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் தெரியும். பலகைக்குத் தண்ணீரால் கெடுதல் இல்லைதான். ஆனால் தரைக்குள்ளிருந்து மேலே வருகிற ஈரம் போக வழியில்லாமல் பலகைக்கு அடியில் தங்கினால் பூசணமும் வாடையும் வரும், ஒட்டின பலகையாக இருந்தால் பசையும் விட்டுப்போகும்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் வைத்து, நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். கோடையில் செய்து பயனில்லை, மழைக்காலத்தில் செய்யுங்கள். கூடத்தில் தாள் காய்ந்தே இருந்தது. படுக்கையறையில் நீர் கோத்திருந்தது. அதைப் பார்த்ததும், அந்தக் காவித் தரையை மூட வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அறுபது வருஷத்துக்கு மேலாக ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்படிப்பட்ட தரை போட இனி ஆள் கிடைப்பதும் அரிது. உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு மேஸ்திரி இருக்கிறார், அவருக்கும் முழங்கால் போய்விட்டது.

இன்னொன்றும் யோசித்தேன். இதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். அவள் எங்கே விழுந்தாள்? கூடத்திலா? இல்லை. குளியலறையிலிருந்து ஈரக்காலோடு படுக்கையறைப் பக்கம் வரும்போது, விடியற்காலை நாலு மணிக்கு, இருட்டில், குளியலறைப் படியில். கூடத்து டைல்ஸ்மேல் பழியைப் போட்டது நாங்கள். 94,206 ரூபாய் செலவழித்துப் புதுத்தரை போட்டிருந்தாலும் அந்தப் படி அப்படியேதான் இருந்திருக்கும்.

ஆகவே முதல் வேலையாக மேஸ்திரியைக் கூப்பிட்டேன். குளியலறை ஐந்துக்கு ஏழு. பழைய வழவழ டைல்ஸை உடைத்துவிட்டு, சொரசொரப்பான டைல்ஸ். வழுக்காத தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு தரவரிசை உண்டு, எண் கூடக்கூடப் பிடிப்பு கூடும். குளியலறைக்கு ஆர் 11 கேட்டு வாங்கினோம். உடைத்துப் போட எல்லாம் சேர்த்து 5,250. சுவரில் பிடித்துக்கொள்ள எஃகுக் கம்பி இரண்டு, 1,600. படி அருகே இரவில் தானே எரியும் சின்ன விளக்கு 250. மொத்தம் 7,100 ரூபாய், இரண்டே நாளில் முடிந்தது. இதைப் படிக்கிற நண்பர்கள் தரையை மாற்றுகிறார்களோ இல்லையோ, இந்த ஏழாயிரத்தை இந்த மாதமே செலவழித்துவிடுங்கள்.

இத்தோடு வெற்றி என்று நினைத்து மகளுக்குப் போன் செய்து பெருமையாகக் கணக்கு வாசித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மாவைக் கேட்டீங்களாப்பா?" என்றாள்.

கேட்கவில்லை.

அன்று மாலை காபியோடு போய்க் கேட்டேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்க, கூடத்துல நிக்கும்போது குதிகால் வலி உயிர் போகுது. டைல்ஸ் மார்கழியில ஐஸ் மாதிரி இருக்கு. பதினஞ்சு வருஷமா நீங்க போட்ட தரையிலதானே நடக்கறேன், ஒரு தடவை எனக்குப் பிடிச்ச தரையில நடக்கக் கூடாதா?" என்றாள். கடைப் புத்தகத்தில் ஒரு தேக்கு நிறப் பலகையை மடித்து அடையாளம்கூட வைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல் அம்மாவும் பெண்ணும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அந்த டைல்ஸை 2010-இல் நான் ஓய்வு பெற்ற பணத்தில், முகம் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு, அவளைக் கேட்காமல் போட்டது உண்மைதான். அதற்காகக் கூடத்தில் இருந்த ரெட் ஆக்ஸைடு தரையையும் உடைத்தேன். அதில் கால் சில்லிடும், ஆனால் இப்படி எலும்பைக் குத்தாது. (ஈரமாக இருந்தால் அதுவும் வழுக்கும். பழசு என்பதற்காகப் பொய் சொல்லக் கூடாது.)

எனவே கூடத்துக்கு மட்டும் புதுக் கணக்கு. டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை, இணைப்புக் கோடுகள் மெல்லிசாக இருப்பதால் அதன் மேலேயே போடலாம் என்கிறார்கள். ஒன்பது பெட்டி, வரியோடு 36,958. ஷீட், கூலி, ஸ்கர்ட்டிங், இரண்டு பட்டை, இரண்டு கதவு, வண்டி, ஒரு நாள் தங்கல் எல்லாம் சேர்த்து 52,238. சதுர அடிக்கு 272. இப்போதும் தொண்ணூறுக்கு மூன்று மடங்குதான். ஆனால் இந்த முறை தொகையைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, எதற்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டதால்.

இரண்டு நிபந்தனை மட்டும் சொல்லியிருக்கிறேன். வாசலில் போடும் பட்டை சரிவாக இருக்க வேண்டும். ஆறேழு மில்லிமீட்டர் உயரம் இளவயதுக்காரர் கண்ணுக்கே தெரியாது, நம் கால் கட்டைவிரல் அதில்தான் போய் இடிக்கும். இரண்டாவது, மொத்தக் கணக்கையும் கடைத்தாளில் எழுதி, வரி போட்டு, கையெழுத்திட்டுத் தர வேண்டும். வாரண்டி பத்து வருஷம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் அது பலகைக்கு மட்டும்தான், போட்ட வேலைக்கு இல்லை. வேலைக்கும் ஒரு வருஷமாவது எழுதித் தரச் சொன்னேன். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியை இதன்மேல் போட்டால் கறை பிடிக்கும் என்பதும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தது.

கடைக்காரர் "திங்கட்கிழமை எழுதித் தரேன் சார்" என்றார். மூன்று திங்கள் போய்விட்டன. தெவி இன்னும் வரவில்லை. தேக்கு நிறப் பக்கம் மடித்தபடியே அலமாரியில் இருக்கிறது, என் மனைவி தினமும் அதைத் துடைத்து வைக்கிறாள். நாளைக் காலை பஸ்ஸில் நானே காஞ்சிபுரம் போய், வெள்ளைத் தாளில் நானே எழுதி, அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வரலாம் என்றிருக்கிறேன்.