மருந்தடித்த கைகளுக்கு யார் பதில் சொல்வது?

நிலையான விவசாயம் என்று பேச்செடுத்தால் காடு, உராங் ஊத்தான், ஐரோப்பியச் சந்தை என்றுதான் தலைவர்கள் பேசுகிறார்கள். முதுகில் பம்பைச் சுமந்து செம்பனைக்கு நடுவே களை மருந்து அடித்த நம் பெண்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பாராகுவாட்டையே எடுத்துக்கொள்வோம். 'கிராமோக்சோன்' என்றால் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. அதைக் குடித்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்து கிடையாது. புண்பட்ட தோல் வழியாகவும் அது உடலில் ஏறும். மூக்கில் இரத்தம், நகம் உதிர்தல், தோல் எரிச்சல், கண் பாதிப்பு எல்லாம் மருந்தடித்தவர்கள் அனுபவித்தவைதான்.

2002-இல் ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் தோட்டங்களில் ஆய்வு நடத்தி, இந்தப் பெண்களின் நிலையை அம்பலப்படுத்தின. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் தடை கேட்டுக் குரல் கொடுத்தது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. நம் மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் நடந்தது என்ன? செம்பனைத் துறையின் நெருக்குதலுக்குப் பிறகு, 2006-இல், "மேலும் ஆராய வேண்டும்" என்று அந்தத் தடை தளர்த்தப்பட்டது. மறு ஆண்டே ஐரோப்பிய நீதிமன்றம் அங்கே பாராகுவாட்டுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது. சுவீடன் 1983-இலேயே தடை செய்த நஞ்சு அது. வெள்ளைக்காரன் உடம்புக்கு ஆகாதது தோட்டத் தொழிலாளி உடம்புக்கு மட்டும் ஆகுமா?

கடைசியில் 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. முதல் முடிவுக்கும் இதற்கும் இடையே சுமார் 18 ஆண்டுகள்! 2014-இல் மறைந்த ஐரினும், 2019 மே மாதம் மறைந்த பயனீட்டாளர் சங்கத் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிசும் அந்த நாளைப் பார்க்கவில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, அமைப்புகள் விடாமல் நெருக்கினால்தான் சட்டம் அசையும். மற்றொன்று, நாம் கண்ணயர்ந்தால் கொடுத்ததையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். முதலாளிகளுக்கு அமைச்சின் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. நமக்கு ஊர்வலமும் மனுவும்தான்.

பாராகுவாட் போய்விட்டது, மற்ற களைக்கொல்லிகள் போகவில்லை. இன்று பம்பைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள். "நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியுமா? நேற்று நம் அம்மாக்களுக்கு நடந்தது இன்று அவர்களுக்கு நடக்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லி வாரியத்தில் தொழிலாளர் பிரதிநிதிக்குச் சட்டப்படி இடம் வேண்டும். அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்தடிப்பவரின் உடல்நலத்தைக் கண்காணிப்பது முதலாளியின் கடமை. அது காகிதத்தோடு நிற்கக்கூடாது. முன்பு மருந்தடித்து இன்று நோயோடு வாழும் பெண்களை அரசாங்கம் தேடிப் பரிசோதிக்க வேண்டும்.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பழைய கிளினிக் சீட்டு, சம்பளச் சீட்டு, அடித்த மருந்தின் பெயர், வேலை செய்த ஆண்டுகள் அனைத்தையும் எழுதி வையுங்கள். தொழில்சார் நோய்க்குச் சொக்சோவிடம் கோரிக்கை வைக்க ஆதாரம் வேண்டும். அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள். அவர் சொல்வதே முதல் ஆதாரம்.